மூங்கில் தட்டிக்குள் ஒரு பையன்

டச்சுக் குழந்தை, யுத்தம், சிறை என்று மூன்று வார்த்தைகளைச் சேர்த்துச் சொன்னால் தமிழ் வாசகருக்கு உடனே ஞாபகம் வருவது ஆன் ஃபிராங்கின் பெயர்தான். ஆனால் அந்தப் பெண்ணின் டயரியில் சிறை கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்கட்டில் ஒளிந்திருந்த நாட்களோடு அது நின்றுவிடுகிறது. அவள் கடைசியாக எழுதியது 1944 ஆகஸ்டு 1-ஆம் தேதி. பிடிபட்டது 4-ஆம் தேதி. அதற்குப் பிறகு நடந்ததை எழுத அவளிடம் நோட்டும் இல்லை, ஆயுளும் இல்லை. தவிரவும், என் அபிப்பிராயத்தில் ஆன் ஃபிராங்க் குழந்தை அல்ல. பதின்மூன்று வயதிலேயே எழுத்தாளர் ஆகிவிட்டவள். தன்னைத் தானே தள்ளி நின்று பார்க்கவும், பார்த்ததைக் கேலி செய்யவும் அவளுக்குத் தெரியும். குழந்தையின் கண் என்று நான் சொல்ல வருவது வேறு.

அந்தக் கண் வேலை செய்கிற ஒரு புத்தகம் எர்னஸ்ட் ஹில்லன் எழுதிய 'தி வே ஆஃப் எ பாய்'. 1993-ல் கனடாவில் வெளிவந்தது. தமிழில் யாரும் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. ஏற்காட்டில் ஒரு பழைய காப்பித் தோட்டத்து வீட்டை மழைக்காலம் முழுவதும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஒரு நாவலை முடிக்கிறேன் என்று பேர் பண்ணிக்கொண்டிருந்தபோது அதைப் படித்தேன். நாவல் முடியவில்லை, புத்தகத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாயிற்று. 

விஷயம் எளியது. ஜாவாத் தீவின் மலைப்பகுதியில், தேயிலைத் தோட்டத்தில் ஒரு குடும்பம். தகப்பனார் டச்சுக்காரர், தாயார் கனடாக்காரி. இரண்டு பையன்கள். மூத்தவன் ஜெர்ரி, இளையவன் எர்னஸ்ட். 1942 மார்ச்சு 8-ஆம் தேதி ஜாவாவில் டச்சுக்காரர்கள் ஜப்பானியரிடம் சரணடைகிறார்கள். அப்பாவை முதலில் கொண்டுபோகிறார்கள். பிறகு தாயாரையும் பிள்ளைகளையும் பாண்டுங் நகரத்து முகாமுக்கு அனுப்புகிறார்கள். அந்த முகாமுக்கு ப்ளூமன்காம்ப் என்று பெயர். அதாவது பூ முகாம். அந்தப் பகுதித் தெருக்களுக்கெல்லாம் பூக்களின் பெயர் வைத்திருந்ததால் வந்த பெயர். ஊரின் ஒரு பகுதியை அப்படியே வளைத்து, மூங்கில் தட்டியும் முள்கம்பியும் கட்டிவிட்டால் முகாம் தயார். நாலு பேர் இருந்த வீட்டில் நாற்பது பேர். அதன் பிறகு பட்டேவியா பக்கத்தில் இன்னொரு முகாம். யுத்தம் முடிந்த 1945 ஆகஸ்டு வரைக்கும் இதுதான் வாழ்க்கை. அந்தத் தீவுகளில் இப்படி அடைக்கப்பட்ட டச்சு சிவிலியன்கள் சுமார் 1,00,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 13,000 பேர் பிழைக்கவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் நான் சேர்த்தது. ஹில்லன் கணக்குச் சொல்வதில்லை. அதுதான் புத்தகத்தின் பலம். எழுதுகிறபோது அவருக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது. எல்லாம் தெரிந்தவர். பத்திரிகை ஆசிரியராக இருந்தவர் வேறு. யுத்தம் எப்போது முடியும், யார் ஜெயிப்பார்கள், முகாமில் ஏன் அரிசி குறைந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் பையனிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. பையனுக்குத் தெரிந்தது அம்மா, அண்ணன், பசி, சலிப்பு, பக்கத்து வீட்டுக்காரிகளின் சண்டை, இன்றைக்கு என்ன கிடைக்கும் என்பது. வாக்கியங்களும் அந்த அளவுக்குத்தான் இருக்கின்றன. சாவுகூட அதே குரலில் வந்துபோகிறது. பையனுக்கு அது ஒரு செய்தி. அடுத்த செய்தி கஞ்சி.

நம்முடைய கதாசிரியர்களுக்கு இந்த அடக்கம் வருவது கஷ்டம். குழந்தையைக் கொண்டு கதை சொல்ல ஆரம்பித்த மூன்றாம் பக்கத்திலேயே ஆசிரியருக்கு இருப்புக் கொள்ளாது. குழந்தையின் வாயில் ஒரு பெரிய கேள்வியைப் போட்டு, அதைக் கேட்டுப் பெரியவர்கள் தலைகுனிகிறமாதிரி ஒரு காட்சி வைத்துவிடுவார். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இந்த வியாபாரம் தமிழில் இன்றும் நன்றாக நடக்கிறது. உண்மையில் குழந்தைகள் அப்படிக் கேட்பதில்லை. அப்பாவைக் கொண்டுபோன லாரியில் எத்தனை சக்கரம் என்று கேட்கும்.

முகாமின் விதிகளில் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பையன்கள் வளர்ந்தால் தாயாரிடமிருந்து பிரித்து ஆண்கள் முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆரம்பத்தில் பெரிய பையன்களைத்தான் அப்படிப் பிரித்தார்கள். வரவர வயது குறைந்துகொண்டே வந்து 1944-ல் பத்து வயசுப் பையனும் 'ஆண்பிள்ளை' ஆகிவிட்டான். பிள்ளைக்குப் பிறந்த நாள் வருகிறது என்றால் தாயாருக்கு அடிவயிறு கலங்கும். ஜெர்ரியும் இப்படித்தான் போகிறான். எந்த நாவலாசிரியனும் உட்கார்ந்து யோசித்தாலும் கிடைக்காத சங்கடம் இது. ஜே. ஜி. பாலர்டின் 'எம்பயர் ஆஃப் தி சன்' (1984) நாவலோடு இதை வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். பாலர்டும் ஷாங்காய் பக்கத்து லுங்வா முகாமில் பையனாக இருந்தவர். தாய் தகப்பனாரோடும் தங்கையோடும் இருந்தார். நாவல் எழுதும்போது அவர்களை எடுத்துவிட்டு, ஜிம் என்கிற பையனைத் தனியாக விட்டார். அதனால் ஜிம்முக்கு ஒரு வேகம் வருகிறது. ஜப்பானிய விமானிகளைத் தேவர்களாக நினைக்கிறான், முகாமையே தன் வீடாக்கிக்கொள்கிறான். பெரிய நாவல்தான். ஆனால் சிறையில் இருக்கிற குடும்பம் என்னவாகிறது என்பது அதில் கிடைக்காது. அம்மா இருக்கும்போது பையன் எவ்வளவு சின்னவனாக இருக்கலாம், அம்மா அடி வாங்குவதைப் பார்த்தபின் எவ்வளவு சின்னவனாக இருக்க முடியாது என்பது ஹில்லனில்தான் இருக்கிறது.

இந்த வரிசையில் இன்னொரு புத்தகம், யோனா ஓபர்ஸ்கியின் 'கிண்டர்யாரன்'. 1978-ல் டச்சு மொழியில் வந்த சின்னப் புத்தகம். ஓபர்ஸ்கி 1938-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர், யூதர், பிற்காலத்தில் பௌதிக விஞ்ஞானி. வெஸ்டர்போர்க், பெர்கன் பெல்சன் என்ற முகாம்களில் குழந்தையாக இருந்து, தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர். பெரிய பையன்கள் சீண்டிவிட, பிணங்களை அடுக்கி வைத்திருக்கிற கொட்டகைக்குள் அந்தக் குழந்தை நுழைந்து அப்பாவைத் தேடுகிற இடம் ஒன்று வருகிறது. அதை விவரிக்கப்போவதில்லை. யாரும் எதுவும் விளக்காததால்தான் அதை ஒருவாறு படித்து முடிக்க முடிகிறது. கலையில் ஓபர்ஸ்கி ஹில்லனைவிட உயர்ந்தவர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஹில்லன் எனக்குக் கிட்டத்தில் இருக்கிறார். காரணம் இந்த மலை.

சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820களில். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தார் என்பார்கள். ஜாவாவில் காப்பி அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியது. அங்கே டச்சுக்காரர்கள் 1690களில் நட்ட கன்றுகள் நம்முடைய மலபார்க் கரையிலிருந்து போனவை. எனவே அந்த மலைக்கும் இந்த மலைக்கும் ஏதோ தூரத்து உறவு என்று சொல்லிக்கொள்ளலாம். உறவு செடியோடு நிற்கவில்லை. மேட்டில் பங்களா, முன்னால் புல்வெளி, பின்னால் சமையல்காரன் குடில், சரிவில் லயம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம், ஞாயிற்றுக்கிழமை கிளப். ஜாவாவில் ஹில்லன் விட்டுவந்த தோட்டத்தை நான் கற்பனை செய்யவே வேண்டியிருக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் போதும். சவுக்கு மரங்களுக்கு நடுவே மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கும். தோட்டக்காரர்கள் மாறிவிட்டார்கள், பங்களாவும் லயமும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

இங்கே உட்கார்ந்து படிக்கிறவனுக்கு ஒரு கேள்வி எழாமல் போகாது. பையனுக்குத் தோட்டத்து வாழ்க்கை சொர்க்கம். அந்தச் சொர்க்கத்தில் வேலைக்காரர்கள் அன்பானவர்கள். அவர்கள் ராத்திரி எங்கே படுத்தார்கள்? பையனுக்குத் தெரியாது, அவன் பேரில் தப்பில்லை. ஆனால் தெரியாமை என்பது கலையில் எவ்வளவு பெரிய சௌகரியம் என்பதையும் விமர்சகன் சொல்ல வேண்டும். முகாமில் ஆயிரக்கணக்கில் டச்சுக்காரிகள் பட்டினி கிடந்த அதே 1944-45-ல், மூங்கில் தட்டிக்கு வெளியே ஜாவாக்காரர்கள் லட்சக்கணக்கில் பஞ்சத்தில் செத்தார்கள். ரோமுஷா என்ற பெயரில் ஜப்பானியர் பிடித்துக்கொண்டுபோன கூலிகள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. தட்டியின் உயரம் பையனின் கண்ணுக்கு மேலே. அதற்கு அப்பால் இருந்தது புத்தகத்துக்குள் வரவில்லை.

யுத்தம் முடிந்ததும் இது இன்னும் விசித்திரமாகிறது. 1945 ஆகஸ்டு 17-ஆம் தேதி இந்தோனேசியர்கள் சுதந்திரம் பிரகடனம் செய்துவிட்டார்கள். டச்சுக்காரர்களுக்கு முகாமுக்கு வெளியே போகப் பயம். நேற்றுவரை அடித்த ஜப்பானியச் சிப்பாயே இன்றைக்குத் துப்பாக்கியோடு காவல் நிற்கிறான், உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற. அப்புறம் வந்து இறங்கினது யார்? நம்மவர்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 23-ஆவது டிவிஷன். தங்கள் நாடே இன்னும் அடிமையாக இருக்கும்போது, இன்னொரு நாட்டின் சுதந்திரக்காரர்களிடமிருந்து டச்சுத் தாய்மார்களையும் குழந்தைகளையும் காப்பாற்றி ஏற்றி அனுப்புகிற வேலை அவர்களுக்கு. சுரபாயாவில் அந்த அக்டோபர், நவம்பரில் நடந்த சண்டையில் செத்தவர்களில் நம் சிப்பாய்களும் உண்டு. குழந்தையின் கண்ணுக்கு அவர்கள் உயரமான, தாடி வைத்த, பிஸ்கோத்துக் கொடுக்கிற மாமாக்கள். வேறு எப்படி இருக்க முடியும்?

நம் நாட்டிலும் குடும்பங்களைச் சிறை வைத்தது உண்டு. 1962 நவம்பரில், சீனாவோடு சண்டை நடந்தபோது, அஸ்ஸாமிலும் டார்ஜிலிங் பக்கத்திலும் இருந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை ராஜஸ்தானத்தில் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். டார்ஜிலிங்கிலிருந்து குடும்பத்தோடு போன பதின்மூன்று வயதுப் பெண் யின் மார்ஷ், பெரியவளானதும் 'டூயிங் டைம் வித் நேரு' என்று ஒரு புத்தகம் எழுதினாள். அதே நவம்பரில்தான் நாடு முழுக்க நேரு மாமாவுக்குக் குழந்தைகள் ரோஜாப்பூக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எழுத்தென்று பார்த்தால் ஹில்லன் அளவுக்கு அது தேறாது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் அதில் இருக்கிறது. அவசரத்துக்கு நியாயமும் இருக்கிறது. அரை நூற்றாண்டு யாரும் கேட்கவில்லை.

குழந்தை சொல்வதை நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதைப்பற்றி டச்சுக்காரர்களுக்குள்ளேயே ஒரு பெரிய சண்டை நடந்தது. யெரூன் ப்ரௌவர்ஸ் 1940-ல் பட்டேவியாவில் பிறந்தவர். அங்கே சிடெங் முகாமில், தாயார், பாட்டி, அக்காவோடு அடைபட்டிருந்தார். முகாமின் தலைவன் சோனெய் நிலவு வந்தால் வெறி பிடித்துவிடுவான் என்று அங்கிருந்தவர்கள் சொல்வார்கள். 1946-ல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது. ப்ரௌவர்ஸ் 1981-ல், தாயார் இறந்ததை ஒட்டி, 'பெசோங்கன் ரோட்' என்ற நாவலை எழுதினார். அடியில் படிந்துபோன சிவப்பு என்று சொல்லலாம். முகாமில் தாயாரை ஜப்பானியர் அடித்ததைப் பார்த்த கணத்தில் அந்தக் குழந்தைக்குத் தாயாரின் மேல் இருந்த பிரியம் அறுந்துபோகிறது. எனக்கு வேறு அம்மா வேண்டும் என்று நினைக்கிறது. அதன் பிறகு ஆயுள் முழுக்க எந்தப் பெண்ணிடமும் நிற்க முடியாத மனிதன் ஒருவனின் கதை அது. ரூடி கௌஸ்ப்ருக் என்ற கட்டுரையாசிரியர் எதிர்த்துக் கிளம்பினார். அவரும் சுமாத்ராவில் பையனாக முகாமில் இருந்தவர். சிடெங்கில் நடந்ததாக ப்ரௌவர்ஸ் எழுதியிருப்பதெல்லாம் மிகை, முகாம்கள் கொடுமையானவைதான், ஆனால் இது அந்தக் கொடுமை அல்ல, ஐந்து வயசுக் குழந்தைக்கு எப்படி இவ்வளவு ஞாபகம் என்பது அவர் வாதம்.

ப்ரௌவர்ஸ் நாவலாசிரியர், அவர் இஷ்டம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. செத்தவர்கள் பேரால் எழுதுகிறபோது இஷ்டம் என்ற பேச்சு எடுபடாது. ஆனாலும் கௌஸ்ப்ருக்கின் பக்கம் முழுக்கச் சேரவும் முடியவில்லை. குழந்தையின் ஞாபகம் எப்படி இருக்கும் என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி உண்டு.

பத்து வருஷத்துக்கு முன், இதே ஏற்காட்டில், தோட்டம் ஒன்றில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை எனக்குப் பழக்கம். திண்ணையில் உட்கார்ந்து காப்பிக்கொட்டை மூட்டைகளை வேடிக்கைக்கு எண்ணிக்கொண்டிருப்பார். ஒருநாள் எண்ணுவது காதில் விழுந்தது. "இச்சி, நி, சான், ஷி, கோ…" என்று போயிற்று. என்ன ஐயா இது என்று கேட்டேன். பிறந்தது மலாயாவில், பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஜப்பான்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் கற்றது என்றார். தகப்பனாரை 1943-ல் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. யுத்தத்துக்குப் பிறகு தாயார் பிள்ளைகளோடு ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி, சேலம் ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தாள்.

அப்பாவைக் கொண்டுபோன நாள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எங்கப்பன் லாரியில ஏறினது ஞாபகமில்லீங்க தம்பி. லாரிக்குப் பின்னால எங்க நாய் ஓடுச்சு. ரொம்ப தூரம் ஓடுச்சு. அதுதான் தெரியுது."

நாய் திரும்பி வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார். அவ்வளவுதான் அவரிடம் இருந்தது. இன்னொன்றும் உண்டு: மரவள்ளிக்கிழங்கைக் கண்டால் எழுந்து போய்விடுவார். யுத்தகால மலாயாவில் அரிசிக்குப் பதில் அதைத்தான் தின்றார்கள். மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனதால் 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினார்கள். அங்கே ஜில்லா முழுக்க அந்தப் பயிர். தப்பி ஓடிவந்த கிழங்கு தனக்கு முன்னாலேயே இங்கே வந்து உட்கார்ந்திருந்தது என்று அவர் சிரிப்பார்.

முகாமிலும் குழந்தைகள் அதே எண்களைத்தான் கற்றன. அணிவகுப்பில் நின்று "இச்சி, நி, சான்" என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். 'கியோத்ஸ்கே' என்றால் விறைத்து நிற்க வேண்டும். 'கெய்ரெய்' என்றால் குனிய வேண்டும். 'நாவோரே' என்றால் நிமிரலாம். டச்சுக் குழந்தை எண்பது வயதிலும் இவற்றை மறக்கவில்லை. நம்முடைய ரைட்டரும் மறக்கவில்லை. கௌஸ்ப்ருக் கேட்டால் அந்த நாய்க்கும் சாட்சி கேட்பார். கேட்கட்டும். லாரி எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பதற்கு அந்த ஞாபகம் சாட்சியாகாது. அப்பா போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பையன் நின்றான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ப்ரௌவர்ஸ் இங்கேதான் சறுக்குகிறார். நாயோடு நிறுத்தியிருக்க வேண்டிய இடத்தில் அவர் லாரியையும் வர்ணிக்கிறார். ஹில்லன் நிறுத்திவிடுகிறார்.

அந்தச் சயாம் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. டச்சு யுத்தக் கைதிகளும் அங்கே வேலை செய்தார்கள், தமிழர்களும் செய்தார்கள். மலாயாவிலிருந்து போன தொழிலாளர்கள் 70,000-க்கு மேல், பெரும்பாலோர் தமிழர். கைதிகளுக்கு ராணுவப் பதிவேடு இருந்தது, பின்னால் கல்லறையும் பெயரும் கிடைத்தன. தோட்டத்திலிருந்து போனவனுக்கு அது இல்லை. தமிழில் இதைப் பற்றி இருக்கிற முக்கியமான நாவல், மலேசியாவின் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்'. அதை எழுதினதற்காகவே அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். டச்சுத் தீவுகளில் நடந்த யுத்தத்தைத் தமிழில் பார்த்தவர் ப. சிங்காரம், 'புயலிலே ஒரு தோணி' (1972) மைடானுக்குள் ஜப்பானியர் நுழைவதில் ஆரம்பிக்கிறது. தமிழில் யுத்தத்தை இவ்வளவு நேராகப் பார்த்த நாவல் வேறில்லை. ஆனால் சிங்காரத்தின் உலகம் பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுக் கொண்டுவிற்கப் போன ஆண்களின் உலகம். சண்முகத்தின் கண்ணும் வளர்ந்த மனிதனின் கண். லாரிக்குப் பின்னால் நாய் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு லயத்து வாசலில் நின்றவன் எழுதிய புத்தகம் நான் படித்தவரையில் தமிழில் கைக்கு வரவில்லை. பங்களாப் பையனுக்கு அறுபது வயதில் எழுத உட்கார ஒரு மேஜை கிடைத்தது. லயத்துப் பையனுக்குக் கிடைத்தது மூட்டைக் கணக்கு நோட்டு.

ஹில்லனை யாராவது தமிழில் மொழிபெயர்க்க வேண்டும். பெரிய புத்தகம் அல்ல, இங்கிலீஷும் கஷ்டமில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பையன் பசிக்கிறது என்றால் நம் மொழிபெயர்ப்பாளர் 'பசிப்பிணி வாட்டியது' என்று எழுதிவிடுவார். அம்மா 'அன்னை' ஆகிவிடுவாள். அழுதாள் என்று இருந்தால் கண்ணீர் ஆறாக ஓடும். இந்தப் புத்தகத்தை எடுக்கிறவர், எட்டு வயசுப் பையன் ஒருவனை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் அவனுக்குப் படித்துக் காட்டி, அவன் முகம் சுளிக்கிற வார்த்தைகளையெல்லாம் அடித்துவிட்டு அச்சுக்குக் கொடுக்கட்டும்.